அம்புஜத்துக்குக் கேட்ட விசில்

பொம்மனஹள்ளியில் அந்தக் காம்பவுண்டுக்குள் இருந்த ஆறு வீட்டிலும் யார் ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும், ஸ்பீக்கர் வாங்கினாலும், ஹெட்போன் வாங்கினாலும் முதலில் சின்னப்பாவின் கதவைத்தான் தட்டுவார்கள். டிவி வாங்குகிறவர்கள்கூடத் தட்டுவார்கள். "படத்தை நாங்க பாத்துக்கறோம், சத்தத்தை மட்டும் நீங்க வந்து பாருங்கண்ணே" என்பார்கள். சின்னப்பா உடனே கிளம்பிவிட மாட்டார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடியட்டும் என்பார், சாப்பாடு ஆகட்டும் என்பார், நாலு தடவை கேட்க வைப்பார். பிறகு இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, பாக்கெட்டில் தன்னுடைய சொந்தக் கேசட். அந்தக் கேசட் வெளியே வந்தால் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்கள் ஸ்டூலைத் துடைத்துப் போடுவார்கள்.

சாமான் வாங்கினவர் அவருக்கு மசால் தோசையும் காபியும் வாங்கித் தர வேண்டும். அதற்கு மேல் ஒரு பைசா தொட மாட்டார். வீட்டுக்கு வந்த பெட்டியை அவர்தான் முதலில் போட்டுக் காட்டுவார். அதுவரை வீட்டுக்காரர்கூட சுவிட்சில் கை வைக்கக்கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் மீறினவர் கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு காலத்தில் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு காது இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்தவர், சர்ச்சில் பாட்டுக் குழுவில் நின்று பாடி வளர்ந்தவர். ஆம்ப்ளிஃபயர் பார்க்க அவர் வைத்திருந்த முறையே தனி. மற்றவர்கள் எடுத்த எடுப்பில் பாட்டைப் போட்டு, பேஸை ஏற்றி, கடை அதிர்ந்தால் "சூப்பர்" என்று பர்சை எடுப்பார்கள். சின்னப்பா பாட்டே போட மாட்டார். வெறும் பெட்டியை ஆன் செய்து, ஹெட்போனை மாட்டி, வால்யூமை முக்கால்வாசி திருகிவிட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் உட்காருவார். "பாட்டு இல்லாதப்போ பெட்டி என்ன பேசுதுன்னு பாக்கணும்யா. பாட்டு வந்தா அது எல்லாத்தையும் மூடிடும்" என்பார். இரைச்சல், உறுமல், கீச்சு எதுவானாலும் அந்த ஒரு நிமிஷத்தில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பாட்டு. அதுவும் முடிந்தபின் ஹெட்போனைக் கழற்றாமல் கால் மணி நேரம் பேப்பர் படிப்பார். தினமும் மாட்டிக் கேட்கிற சாமான் காதை அழுத்துகிறதா, வியர்க்க வைக்கிறதா என்று அப்படித்தான் தெரியும் என்பார். நியாயமான பேச்சுதான்.

அந்தக் காது இப்போது இல்லை. இல்லை என்பது அவருக்கே தெரியும். அவர் மேல் நமக்குக் கோபம் வருவதே அதனால்தான். தெரியாமல் செய்திருந்தால் பாவம் என்று விட்டுவிடலாம்.

இருபத்தெட்டு வருஷம் ஃபாக்டரியில் பிரஸ் ஷாப்பில் நின்றவர். தகட்டின் மேல் பிரஸ் இறங்குகிற சத்தத்தில் பக்கத்து ஆள் வாயசைப்பதைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். "பொம்பளைங்களுக்குக் குடுங்க சார்" என்று சிரித்துத் தள்ளிவிட்டவர்களில் இவர்தான் முதல் ஆள். தொண்ணூற்றெட்டில் விருப்ப ஓய்வு வாங்கியபோது கடைசி மெடிக்கலில் ஒரு டாக்டரம்மா காகிதத்தில் சரிந்து விழுகிற கோட்டைக் காட்டினாள். தடித்த சத்தமெல்லாம் பரவாயில்லை, சன்னமான சத்தம் மட்டும் இரண்டு காதிலும் போய்விட்டது என்றாள். பேச்சு கேட்கும், பாட்டு கேட்கும், குருவிச் சத்தமும் கொலுசுச் சத்தமும் கேட்காது, போனது திரும்பாது. சின்னப்பா அந்தக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து ஃபாக்டரி வாசலிலேயே போட்டுவிட்டு வந்தார். மனைவி ஸ்டெல்லா கேட்டதற்கு "எல்லாம் நார்மல்" என்றார்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். "வயசாயிடுச்சுப்பா, வேற ஆளைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷனை ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் தேடி வருகிறார்களே, அதை விட மனசு வரவில்லை. அனுபவம் இருக்கிறது, பேர் தெரிந்த கம்பெனி இருக்கிறது, கண்ணால் பார்த்தே பாதி சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு வருஷம் ஓடியும் போனது.

பக்கத்து வீட்டு அம்புஜம் வந்து கேட்டது தொண்ணூற்றொன்பது மார்ச்சில். ஜாக்கெட் தைக்கிறவள். புருஷன் கோவிந்தனுக்கு பிளாஸ்டிக் கம்பெனியில் மாசத்தில் மூணு வாரம் நைட் ஷிப்டு. பகலெல்லாம் அந்த ஒரே அறையில் படுத்துத் தூங்குவான். தையல் மெஷின் சத்தத்துக்குப் பழகிவிட்டான். பாட்டுப் போட்டால் மட்டும் எழுந்து உட்கார்ந்து கத்துவான். துபாய்க்குப் போன அம்புஜத்தின் தம்பி ஒரு நல்ல கேசட் டெக்கை அக்காவிடம் விட்டுப் போயிருந்தான். அதில் ஹெட்போன் மாட்ட வழியில்லை. ஹெட்போன் மாட்டுகிற மாதிரி சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர், நல்ல ஹெட்போன் ஒன்று. இவ்வளவுதான் அவள் ஆசை. ரெண்டு பண்டிகைக்குத் தைத்த கூலியைத் தொடாமல் வைத்திருந்தாள்.

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தைக்கிறேண்ணா. காதுல பாட்டு இருந்தா கை தானா ஓடும்" என்றாள்.

"அதுக்கு பேஸெல்லாம் பெரிசா வேணாம்மா. லேசா இருக்கணும், குஷன் மெத்துன்னு இருக்கணும், ஆம்ப் சுத்தமா இருக்கணும். நான் பாத்துக்கறேன்" என்றார் சின்னப்பா. சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கோவிந்தனுக்கு லீவு இருந்த நாளில் மூன்று பேருமாக பஸ் ஏறினார்கள். நாகேஷ் கடையில் வழக்கம்போல வரவேற்பு. "பன்னி சார், பன்னி!" என்று கன்னடத்தில் 'வாங்க' சொல்லி, "நீங்க வந்தா எனக்கு எக்ஸாம் மாதிரி" என்று நாகேஷ் ஸ்டூலைத் துடைத்தான். ஹெட்போனில் சின்னப்பா கெட்டிக்காரத்தனமாகத்தான் நடந்துகொண்டார். மூன்றை ஒதுக்கி, எடை குறைந்த, காதை முழுசாக மூடுகிற ஒன்றை எடுத்தார். அதற்குப் பொருத்தமாக நாகேஷ் ஒரு கறுப்பு ஆம்ப்ளிஃபயரைக் காட்டினான். உள்ளூரில் கட்டினது, புதிதாக வந்து இறங்கின லாட். சின்னப்பா அதை ஆன் செய்து, பாட்டில்லாமல், கண்ணை மூடி உட்கார்ந்தார். கடையில் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்து "பேஷ்" என்றார்.

அம்புஜம் வாங்கி மாட்டிக்கொண்டாள். மாட்டினதும் முகம் சுருங்கியது.

"அண்ணா, விசில் மாதிரி ஒண்ணு கேக்குதே. சன்னமா, கூய்ன்னு."

சின்னப்பா மறுபடி மாட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாமை எதனால் என்று அவருக்கு அந்த நொடியே சந்தேகம் தட்டிவிட்டது. "நாகேஷ், நீ கொஞ்சம் கேளு" என்று ஹெட்போனை நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். நீட்டவில்லை.

"பெட்டி சுத்தமா இருக்கு" என்றார்.

"இல்லண்ணா, இப்பவும் கேக்குது. எடுத்துட்டா நின்னுடுது."

"ஏய், அண்ணனுக்குக் கேக்காதது உனக்குக் கேட்டுடுச்சா?" என்று கோவிந்தன் சிரித்தான். கடையில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். நாகேஷ் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தான், ஆனால் ஹெட்போனைக் கேட்டு வாங்கவும் இல்லை. சார் பார்த்த பிறகு தான் பார்ப்பது சாரை அவமதிப்பது என்று அவன் நினைத்திருப்பான்.

அப்போதுதான் சின்னப்பாவின் வாயில் அந்தப் பதில் வந்தது. எங்கிருந்து வந்ததோ, அத்தனை அழகாக வந்தது.

"அது பெட்டி சத்தம் இல்லம்மா. உன் காதுக்குள்ள இருக்கற சத்தம். இந்தக் குஷன் வெளிச்சத்தத்தை அடைச்சிடுது பாரு, அப்போ உள்சத்தம் மேல வரும். எடுத்துட்டா வெளிச்சத்தத்துல அமுங்கிடும். சில பேருக்கு இருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்னவரே பாதி நம்பிவிட்டார், அவ்வளவு சுத்தமான பதில். அம்புஜம் மட்டும் தலையாட்டவில்லை. வலது காதை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். மசால் தோசையை அன்றைக்கு அவள் பாதி வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணா, அந்த உள்சத்தம்னு சொன்னீங்களே, அது ஜாஸ்தியாகுமா? எங்கம்மாவுக்கு இப்படி விசிலடிக்கிற மாதிரின்னுதான் ஆரம்பிச்சுது. அம்பது வயசுல இடி விழுந்தாக்கூடத் திரும்ப மாட்டாங்க. எனக்கு நாப்பத்தாறு ஆவுது."

அட ஆண்டவா! இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன சந்தர்ப்பம் வேண்டும்? சுற்றி யாரும் இல்லை. அவளும் அவரும் சொட்டுகிற குழாயும்தான். சின்னப்பா அவள் குடத்தைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். "பயப்படாதம்மா. எதுக்கும் டாக்டரைப் பாரு" என்றார்.

பார்த்தாள். மெயின் ரோட்டு டாக்டர் காதுக்குள் டார்ச் அடித்துவிட்டு, நரம்பு வீக்காக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார், ஹெட்போன் வேண்டாம் என்றார். டெக்கும் ஆம்ப்ளிஃபயரும் அலமாரி மேல் ஏறின. மாத்திரை அவளுக்குத் தூக்கம் தூக்கமாக வரவழைத்தது. மத்தியானம் மெஷின் மேலேயே தலை சாய்ந்துவிடும். ஒருநாள் ஊசி சுட்டுவிரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. கட்டுப்போட்ட விரலோடு வாசலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு சின்னப்பா பின்கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார். அன்றிலிருந்து அதுவே அவர் வழியானது.

"முன்வாசலுக்கு என்ன கேடு?" என்று ஸ்டெல்லா கேட்டாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

ஜூன் மாசம் மாடி அறையில் குடியிருந்த கஸ்தூரிரங்கனுக்கு ஹெட்போன் தேவைப்பட்டது. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தவன். சின்னப்பா நாலு தடவை சாக்குச் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்க வைப்பது வழக்கம்தானே என்று அவனும் ஐந்தாம் தடவை கேட்டான். போனார்.

நாகேஷ் ஸ்டூலைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "சார், அந்தத் தையல்காரம்மா ஒரு கறுப்பு ஆம்ப் எடுத்தாங்களே, கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லையா? அந்த லாட் பூரா விசில் சார்! ஒருத்தர் பாக்கி இல்லாம கொண்டுவந்து திட்டிட்டாங்க. உள்ள ஒரு கெபாசிட்டர் மட்டம். மாத்தினா பத்து நிமிஷத்துல சரி. ஆனா நீங்க உக்காந்து பாத்து எடுத்ததாச்சே, அது ஒண்ணுதான் நல்ல பீஸா இருந்திருக்கும்."

சின்னப்பாவுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. கஸ்தூரிரங்கன் மரியாதையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா. அது நல்ல பீஸ்" என்றார் சின்னப்பா.

பையனுக்கு எந்த ஹெட்போனை எடுத்துக் கொடுத்தார் என்று அவருக்கே நினைவில்லை. மசால் தோசையைத் தொடாமல் தள்ளி வைத்தார். அந்தப் பொய் இரண்டாவது பொய் என்றும், முதலாவதைவிடக் கேவலமானது என்றும் அவருக்குத் தெரிந்தது. முதல் தடவை சந்தேகம்தான் இருந்தது. இப்போது சந்தேகம்கூட இல்லை.

சரி, இப்போதாவது அம்புஜத்திடம் போய்ச் சொன்னாரா? இல்லை. சொல்லாமலே சரிப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாள் அவள் வீட்டுக்குப் போய், "சும்மா தூசு படிஞ்சு கிடக்கே, குடும்மா, தொடச்சுத் தரேன்" என்று ஆம்ப்ளிஃபயரை வாங்கிப் பையில் போட்டு, தனியாக பஸ் ஏறி நாகேஷிடம் கொண்டுபோனார். "நல்ல பீஸ்தான், எதுக்கும் மாத்திடு" என்றார். நாகேஷ் மாற்றினான். நெருப்பில்லாமல் புகையில்லாமல் காரியம் முடிந்தது என்று பஸ்ஸில் வரும்போது அவருக்குக் கொஞ்சம் தூக்கம்கூட வந்தது.

பெட்டியை அம்புஜத்தின் வீட்டில் கொண்டுபோய் வைத்து, "ஒரு தடவை மாட்டிப் பாரேன்" என்றார்.

"வேணாண்ணா. டாக்டர் வேணாம்னாரு."

"ஒரே ஒரு நிமிஷம். எனக்காக."

அம்புஜம் பயந்து பயந்து மாட்டினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கட்டிலில் கோவிந்தன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மெல்ல அவள் கண் திறந்தது.

"இல்லண்ணா! போயிடுச்சு! சுத்தமா போயிடுச்சு!" கோவிந்தன் விழித்தாலும் விழிக்கட்டும் என்று கத்தினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "மாத்திரை கேட்டுடுச்சுண்ணா!"

சின்னப்பா வாயைத் திறந்தார். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தார். "ஆமாம்மா, கேட்டுடுச்சு" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் அவரும் மெல்ல மறந்திருப்பார், மனுஷ மனசு அப்படித்தான். முடியவில்லை. மாத்திரை கேட்டுவிட்டதால் டாக்டர் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றுவிட்டார். குறைந்தது ஒரு வருஷம், முடிந்தால் தொடர்ந்து. நிறுத்தினால் விசில் திரும்பி வருமோ என்ற பயத்தில் அம்புஜம் ஒரு வேளையும் தவறாமல் விழுங்கினாள். அத்தோடு காம்பவுண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது சின்னப்பா அண்ணாதான். ஹெட்போன் மாட்டிப் பாத்த மாத்திரத்துல, உன் காதுலதாம்மா கோளாறுன்னாரு!"

காம்பவுண்டுச் சொந்தக்காரி லட்சுமம்மா ஒருநாள் அவர் வாசலில் வந்து நின்று, தன் காதிலும் ஹெட்போனை மாட்டி ஏதாவது வியாதி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே கூசியது. ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறவனாவது வயிற்றுக்காகச் செய்கிறான், நான் எதற்காகச் செய்தேன், ஒரு ஸ்டூலுக்காகவா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அம்புஜம் வீட்டிலிருந்து கூச்சல் கேட்டது. கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டில் கழுத்தை இறக்கி வெட்டிவிட்டாள். பெண்ணின் தாயார் துணியைத் தூக்கிக் காட்டி, "தூங்கிக்கிட்டே வெட்டுவியா? குடிச்சிருக்கியா நீ?" என்று கத்திக்கொண்டிருந்தாள். அம்புஜம் பாதி மூடின கண்ணோடு கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றாள். இருபது வருஷமாக யாரிடமும் ஒரு சொல் வாங்காதவள்.

அந்தம்மா போன பிறகு சின்னப்பா உள்ளே போனார். கோவிந்தன் அன்றைக்குப் பகல் ஷிப்டு, வீட்டில் இல்லை.

"அம்புஜம், அந்த மாத்திரையை நிறுத்திடு. உன் காதுல ஒண்ணும் இல்ல. என்னைக்கும் இருந்ததில்ல."

அவள் புரியாமல் பார்த்தாள். சின்னப்பா உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெட்டியில் விசில் இருந்தது, நாகேஷ் சொன்னான், ரகசியமாக மாற்றிக்கொண்டு வந்தேன், எனக்குச் சன்னமான சத்தம் கேட்காது. கடைசி வாக்கியத்தைச் சொல்ல மூன்று தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"எனக்குக் கேக்காதும்மா" என்றார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"பெட்டி விஷயம் ஜூன்ல. காது விஷயம்... போன வருஷமே."

"அப்போ கடையிலயே தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்புஜம் அழுவாள் என்று நினைத்திருந்தார். அழவில்லை. தூக்கம் கலைந்த முகத்தோடு நிதானமாகக் கேட்டாள்: "எனக்குக் கேக்கல, வேற யாரையாவது கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க தலையா போயிருக்கும்? எங்கம்மா மாதிரி ஆயிடுவேன்னு நான் பயந்து செத்தேன். எனக்கு நல்லாக் கேட்டுதுண்ணா. கூய்ன்னு தெளிவா கேட்டுது. நீங்க சொன்னீங்களேன்னு என் காதை நானே நம்பாம போயிட்டேன்."

"மன்னிச்சிடும்மா."

"எனக்குச் சீக்காளின்னு பட்டம் கட்டினது எல்லார் முன்னாடியும். எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்துச் சிரிச்சது எல்லார் முன்னாடியும். இப்போ என்கிட்ட மட்டும் வந்து ரகசியமா சொல்லிட்டுப் போனா ஆச்சா?"

சின்னப்பா அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. ஆறு வீட்டுக் குடமும் குழாயடியில் வரிசையில் நின்றன. கோவிந்தன் வேப்பங்குச்சியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். லட்சுமம்மா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரிரங்கன் மாடியிலிருந்து பக்கெட்டோடு இறங்கி வந்தான். ஸ்டெல்லா பூசைக்குப் போகப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். சின்னப்பா நடுவில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். மனைவிக்கே இதுவரை சொல்லாததை அப்படி நாலு பேர் நடுவில் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவர் முடித்ததும் கோவிந்தன் குச்சியை எடுத்துத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, போதும் விடுங்க. இவதானே உங்களை இப்படிச் சொல்லச் சொன்னா?" மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா மனுஷனை! பட்டு ஜாக்கெட்டை வெட்டிட்டு இவ அழுதுக்கிட்டிருந்தா. அவ மனசு நோகக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு. இவர் காது கேக்காதாம்! எஸ்.பி. ரோட்டுல போய்ச் சொல்லுங்க, கல்லால அடிப்பான்."

"தெய்வம் மாதிரி மனுஷன்" என்றாள் லட்சுமம்மா. கஸ்தூரிரங்கன் மரியாதையோடு புன்னகைத்தான்.

அப்போது சின்னப்பாவுக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொன்னதாகவும் ஆயிற்று, பேரும் கெடவில்லை. இப்படியே பேசாமல் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். அரை நொடிதான். பின்னாளில் எதை நினைத்தாலும் அவருக்கு அந்த அரை நொடியை நினைத்துத்தான் அதிகமாகக் கூசும். ஏனென்றால் அந்த நிம்மதியை அவர் முகத்தில் அம்புஜம் பார்த்துவிட்டாள்.

அவள் நேராக வீட்டுக்குள் போனாள். கோவிந்தனின் டிஜிட்டல் வாட்சை எடுத்துக்கொண்டு வந்தாள். ஷிப்டுக்கு எழுப்ப அலாரம் வைத்துக்கொள்கிற வாட்சு.

"அண்ணா, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. இதை அழுத்தினா கீகீன்னு அடிக்கும். கேட்டதும் கையைத் தூக்குங்க."

"ஏய், என்ன விளையாட்டு இது?" என்றான் கோவிந்தன்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்புஜம். அவள் அவனிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

சின்னப்பா அவளுக்கு முதுகைக் காட்டி, மற்றவர்கள் பக்கம் திரும்பி நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். குழாயில் தண்ணீர் குடத்துக்குள் விழுவது கேட்டது. ஓசூர் ரோட்டில் லாரி ஒன்று கியர் மாற்றுவது கேட்டது. யாரோ செருமினார்கள், அதுவும் கேட்டது. கேட்கவேண்டும் என்று அவர் உண்மையாகவே ஆசைப்பட்டார். கேட்டுவிட்டால் அவள் பக்கம் பொய்யாகிவிடும் என்று தெரிந்தும் ஆசைப்பட்டார். கை அரை அங்குலம் எழும்பித் தயாராக இருந்தது. அவள் ஏன் இன்னும் அழுத்தவில்லை என்று பொறுமை போயிற்று.

"அழுத்தும்மா" என்றார்.

கண்ணைத் திறந்தார். கோவிந்தன் முகத்தில் சிரிப்பு இல்லை. லட்சுமம்மா வாய் மேல் கையை வைத்திருந்தாள். குடம் வழிந்து தண்ணீர் அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. கஸ்தூரிரங்கன் தரையைப் பார்த்தான். ஸ்டெல்லா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அழுத்தும்மா, நான் ரெடிதான்."

பின்னாலிருந்து அம்புஜத்தின் கை அவர் தோளைத் தாண்டி வந்து, வாட்சை அவர் காதோடு ஒட்டிப் பிடித்தது.

"ரெண்டாவது தடவையா அடிச்சிக்கிட்டிருக்குதுண்ணா" என்றாள்.